ஒரு முனை அடைத்த குழாய்

(திருவொற்றியூரில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



காதின் படத்தைக் கரும்பலகையில் வரையும்போது செவிமடலைக் கவனமாக வரைவோம், செவிப்பறையைக் கவனமாக வரைவோம். நடுவில் இருக்கும் செவிக்குழாயை இரண்டு கோடு போட்டு முடித்துவிடுவோம். நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன்.

பெரியவர்களுக்கு அந்தக் குழாய் ஏறத்தாழ 2.5 செ.மீ. நீளம். சற்றே வளைந்தது. ஒரு முனை திறந்திருக்கும், மறுமுனையைச் செவிப்பறை அடைத்திருக்கும். மேல்நிலை இயற்பியல் ஆசிரியர்களுக்கு ஒத்ததிர்வுத் தம்பம் நினைவுக்கு வரும். அதே கணக்குதான். அலைநீளம் குழாயின் நீளத்தைப் போல் நான்கு மடங்கு, அதாவது 10 செ.மீ. ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீட்டர் என்றால் அதிர்வெண் 3400 ஹெர்ட்ஸ். இதையொட்டிய ஒலிகளைக் குழாய் தானே உரக்கச் செய்து உள்ளே அனுப்புகிறது. மெய்யொலிகளைப் பிரித்தறிய இந்த உயர் அதிர்வெண்கள் மிகவும் தேவை. இரைச்சலில் வேலை செய்பவர்களுக்கு 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் முதலில் கேள்வி குறைவதற்கும் இந்த ஒத்ததிர்வை ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே இரைச்சலால் வரும் காதுகேளாமையும் ஒரு தொழில்நோயாகச் சேர்க்கப்பட்டிருந்தது. நம் பிள்ளைகளின் அப்பாக்கள் பலர் அந்த இரைச்சலில்தான் நிற்கிறார்கள்.

என் வகுப்பில் ஒரு பையன். கடைசி பெஞ்ச். பாடம், பாகம், பாதம் எல்லாம் அவனுக்கு ஒன்றுதான். சொல்வதெழுதுதலில் தப்புத் தப்பாக எழுதுவான். வெளியே எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் உறுமும்போது கேட்கவே வேண்டாம். "காது என்ன செவிடா?" என்று கேட்டுவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு அவன் அம்மாவிடம் பேசினேன். வாரம் தவறாமல் காதில் எண்ணெய் விட்டு, பட்ஸால் குடைந்து சுத்தம் செய்வதாகச் சொன்னார். அரசு மருத்துவமனையில் பார்த்தபோது இரண்டு காதிலும் குறும்பி கெட்டியாக அடைத்திருந்தது. சில நாள் சொட்டு மருந்து விட்டு, பிறகு எடுத்தார்கள். மறுநாள் வகுப்பில், "மிஸ், இந்த ஃபேன் எப்பவுமே இவ்ளோ சத்தம் போடுமா?" என்றான்.

குறும்பி அழுக்கு அல்ல. குழாயின் வெளிப்பகுதியில் மட்டும் சுரந்து, தூசியையும் கிருமியையும் பிடிக்கும். குழாயின் தோல் செவிப்பறையிலிருந்து வாசலை நோக்கி மெல்ல நகர்ந்து அதை வெளியே கொண்டுவரும். மெல்லும்போது தாடை அசைவதும் உதவும். வருகிற குறும்பியை உள்ளே திருப்பி அனுப்புவது பட்ஸும் ஊக்கும்தான். காசிமேட்டுப் பக்கம் கடலில் குளிக்கும் பிள்ளைகளிடம், துண்டின் நுனியால் வெளிக்காதை மட்டும் துடைக்கச் சொல்லுங்கள். சீழ் வடிந்தால் எண்ணெய், பூண்டு எதுவும் வேண்டாம்; நேராக மருத்துவரிடம்.

இன்னொன்று, நமக்குள். அறையும் கை காதின் வாசலை மூடினால் உள்ளே உள்ள காற்று போக வழியில்லை, செவிப்பறை கிழியலாம். கல்வி உரிமைச் சட்டம் 2009இலேயே அடிப்பதைத் தடை செய்துவிட்டது. சட்டம் தெரிந்தும் கை ஓங்குபவர்கள் இந்தக் குழாயையாவது நினைத்துக்கொள்ளட்டும்.

தலையை ஒருபக்கம் சாய்த்துக் கேட்கும் பிள்ளை, நம் உதட்டையே பார்க்கும் பிள்ளை, அடிக்கடி "ஆங்?" என்னும் பிள்ளை யார் யார் என்று இந்த வாரம் பாருங்கள். முன் பெஞ்சுக்கு மாற்றுங்கள். பள்ளிக்கு மருத்துவக் குழு வரும் நாளில் அந்தப் பெயர்கள் தயாராக இருக்கட்டும். அதுவரை காத்திருக்க முடியாவிட்டால், ராயபுரத்துக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது.