முதுகெலும்பும் சீரொளி மயக்கமும்

(கோவிலம்பாக்கத்தில் நடந்த திங்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இக்கூட்டத்திற்கு வருகையில் பல்லாவரம் – துரைப்பாக்கம் ஆரச்சாலை வழியாக வந்தேன். முன்பு ஏரியும் வயலுமாய்க் கிடந்த நிலம் இன்று அடுக்குமாடிகளும் மருத்துவமனைகளும் நிறைந்த இடமாகிவிட்டது. மருத்துவமனைகள் வரட்டும், அவற்றை நாம் வெறுக்கவில்லை. நெஞ்சுவலி கண்டவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு நகரத்திற்கு ஓடி, வழியிலேயே இழந்த குடும்பங்கள் நம் ஊர்களில் உண்டு. ஆனால் மருத்துவம் வந்த அதே சாலை வழியாக மருத்துவ வணிகமும் வந்திருக்கின்றது. அவ்வணிகத்தின் ஒரு கூற்றைப் பற்றியே இன்று பேச வந்துள்ளேன். 'இலேசர் முதுகெலும்பு அறுவை' என்று விளம்பரப்படுத்துகின்றார்களே, அதைப் பற்றித்தான்.

முதலில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லிவிடுகின்றேன். மேடவாக்கம் பக்கத்தைச் சேர்ந்த கொத்தனார் ஒருவர் எனக்கு நெடுநாள் பழக்கம். இருபத்தைந்து ஆண்டுகள் செங்கல்லும் கலவையும் சுமந்த உடம்பு. இடுப்பில் தொடங்கிய வலி இடக்காலில் கெண்டைச் சதை வரை இறங்கி அவரை வாட்டியது. 'கத்தியில்லை, தழும்பில்லை, வலி தீர்வது உறுதி' என்று தமிழில் அச்சிட்ட தாள் ஒன்றைக் கண்டு ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போயிருக்கின்றார். அங்கே ஒரு படிவத்தைக் கொடுத்துக் கையொப்பமிடச் சொல்லியிருக்கின்றார்கள். அவர் அதனை மடித்து எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து, "ஐயா, இதில் என்ன எழுதியிருக்கிறது, படித்துச் சொல்லுங்கள்" என்றார். படிவம் முழுதும் ஆங்கிலம்.

படித்தேன். 'வலி தீரும் என்று எவ்வகை உறுதியும் தரப்படவில்லை; நரம்பு ஊறுபடலாம்; சீழ் வைக்கலாம்; தேவைப்படின் திறந்த அறுவையாக மாற்றப்படலாம்' என்று அதில் இருந்தது. தோழர்களே, இதனை நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். உறுதிமொழி தமிழில், மறுப்பு ஆங்கிலத்தில்! ஆசை காட்ட நம் மொழி வேண்டும்; இடரைச் சொல்ல மட்டும் நம் மொழி ஆகாது! அம்மருத்துவமனையின் பெயர் நமக்கு வேண்டா. நோய் ஒரு மனையோடு நிற்பதன்று.

இனிச் செய்திக்கு வருவோம். நம் முதுகில் அசையும் முள்ளெலும்புகள் 24. அவற்றின் இடையிடையே மெத்தை போன்ற வட்டுகள் 23 உள்ளன. வட்டின் புறம் உறுதியான நார்வளையம். அகம் கூழ் போன்ற பொருள். வளையம் நைந்து கூழ் பிதுங்கி அருகிலுள்ள நரம்பை அழுத்தினால் கால்வழியே வலி பாயும். இதனைத்தான் வட்டுப் பிதுக்கம் என்கின்றோம்.

இலேசர் என்பது என்ன? அலைகள் ஒன்றுபட்டு ஒரே சீராய்ச் செல்லும் ஒளி. ஆகவே நாம் அதனைச் சீரொளி என்கின்றோம். 1917-இல் ஐன்சுடைன் அதன் அடிப்படைக் கொள்கையைக் கூறினார். 1960-இல் தியோடர் மெய்மன் என்னும் அமெரிக்க அறிவியலார் முதற் சீரொளிக் கருவியை இயக்கிக் காட்டினார். 1986-இல் ஆசுத்திரிய நாட்டுக் கிராசு நகரில் ஆசரும் சாயும் முதன்முதலாக ஊசி வழியே வட்டினுள் சீரொளியைச் செலுத்தினர். கூழின் ஒரு சிறு பகுதியை வெப்பத்தால் ஆவியாக்கினால் உள்ளழுத்தம் குறையும், நரம்பின் மேலுள்ள அழுத்தமும் தணியும் என்பதே அம்முறையின் கருத்து.

இம்முறை பொய்யென்று யான் கூறவில்லை. அதன் எல்லை சிறிது என்றே கூறுகின்றேன். நார்வளையம் கிழியாமல் பிதுங்கி நிற்கும் வட்டுக்கே அது ஓரளவு பொருந்தும். துண்டாகி வெளியே விழுந்த கூழை அது எடுக்காது. எலும்பு தடித்து நரம்புக்குழாய் குறுகியவர்க்கு எலும்பைச் செதுக்கி வழி உண்டாக்க வேண்டும். அவ்வேலையைச் செய்வன துளைகருவியும் இடுக்கியுமே, சீரொளி அன்று. 'சீரொளி அறுவை' எனும் பெயரில் நடப்பவற்றுள் பலவற்றில் சீரொளியின் பங்கு மேலுள்ள மெல்லிய தசையைச் சுடுவதோடு முடிந்துவிடுகின்றது. சிறு துளை, குறைந்த குருதியிழப்பு, விரைவில் வீடு திரும்பல் ஆகிய நன்மைகளைத் தருவன உருப்பெருக்கியும் அகநோக்கியும்தாம். அப்புகழைச் சீரொளிக்குச் சூட்டி விலையை ஏற்றுவதே வணிகத் திறம்.

இடர் என்ன? சீரொளி செய்யும் வேலை வெப்பத்தின் வேலை. வட்டிலிருந்து நரம்பு வேருக்கு உள்ள தொலைவு மிகச் சிறிது. வெப்பம் எல்லை கடந்தால் நரம்பு கருகும்; எலும்பின் முகத்தகடு கெடும். ஊசி வழியே நுண்ணுயிர் புகுந்தால் வட்டில் சீழ் பிடிக்கும். இவை எல்லார்க்கும் நேர்வன அல்ல. நேர்ந்தவர்க்கோ வாழ்நாள் துன்பம்.

பயனை அளந்து பார்த்திருக்கின்றார்களா? நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர்கள் 115 நோயாளிகளை இரு கூறாக்கி, ஒரு கூற்றார்க்குச் சீரொளியும் மற்றவர்க்கு வழக்கமான அறுவையும் செய்து 2015-இல் முடிவை வெளியிட்டனர். ஓராண்டின் இறுதியில் இரு சாராரின் நலமும் ஏறத்தாழ ஒத்திருந்தது. ஆனால் சீரொளி பெற்றவருள் 38 விழுக்காட்டினர்க்கு மீண்டும் அறுவை தேவைப்பட்டது. வழக்கமான அறுவை பெற்றவருள் 16 விழுக்காட்டினர்க்கே தேவைப்பட்டது. நலம் பெறும் விரைவிலும் வழக்கமான அறுவையே முந்தியது. இவ்விரண்டு எண்களையும் எந்த விளம்பரப் பலகையிலாவது கண்டதுண்டா?

வணிகம் தலைக்கேறினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவே சான்று. புளோரிடா மாநிலத் தாம்பா நகரில் 2005-இல் 'இலேசர் சுபைன் இன்சுடிடியூட்' என்னும் நிறுவனம் தொடங்கப்பெற்றுப் பல மாநிலங்களில் கிளை பரப்பியது. அதன் ஈட்ட விகிதம் கூகுள் நிறுவனத்தினதைவிட மிகுதி என்றும், அதன்மேல் நோயாளிகளின் முறையீடுகள் எழுந்துள்ளன என்றும் 2011-இல் புளூம்பெர்க்கு செய்தி நிறுவனம் எழுதியது. பெயர்பெற்ற மற்போர் வீரர் அல்க் ஓகன், அங்குப் பலமுறை செய்துகொண்டும் தற்காலிக ஆறுதலே கிட்டியது என்றும், தம் இசைவின்றித் தம் பெயரை விளம்பரத்திற்குப் பயன்படுத்தினர் என்றும் கூறி 2013-இல் வழக்குத் தொடுத்தார். முடிவில் 2019 மார்ச்சுத் திங்களில் அந்நிறுவனம் திடுமெனக் கதவடைத்தது. அங்கே கதவடைத்துப் போன வணிகத்தின் விளம்பர மொழி, இங்கே புதுப்பொருளாய் விற்கப்படுகின்றது.

இன்னொரு வலையும் உண்டு. 'எம்.ஆர்.ஐ. படத்தைக் கொண்டு வாருங்கள், விலையின்றிப் பார்த்துச் சொல்கின்றோம்' என்பர். அப்படத்தில் பிதுக்கம் தெரியும், அச்சம் பிறக்கும். வலியே இல்லாதவர்களைப் படமெடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் ஒரு கட்டுரை வந்தது. வலியில்லாத இருபது அகவையினருள் 30 விழுக்காட்டினர்க்கும், எண்பது அகவையினருள் 84 விழுக்காட்டினர்க்கும் வட்டு புடைத்திருந்தது. நரைமுடி போல அதுவும் முதுமையின் அடையாளம். படத்திற்கு மருத்துவம் செய்யக் கூடாது, தோழர்களே. ஆளுக்குத்தான் மருத்துவம் செய்ய வேண்டும்.

கால்வழி வலியால் துன்புறுவோருள் பெரும்பாலோர் ஆறு முதல் பன்னிரண்டு கிழமைகளுக்குள் அறுவையின்றியே தேறுகின்றனர். அளவான நடை, இயன்முறைப் பயிற்சி, வலி தணிக்கும் மருந்து, பொறுமை ஆகியவையே அவர்க்குப் போதும். ஆனால் ஓர் எச்சரிக்கையை மறவாதீர்கள். சிறுநீர், மலம் அடக்க இயலாமை அல்லது சிறுநீர் கழியாமை, இருக்கைப் பகுதி மரத்துப்போதல், கால் நாளுக்கு நாள் வலுவிழத்தல் இவற்றுள் ஒன்று கண்டாலும் ஒரு நாளும் காத்திராமல் பெரிய மருத்துவமனைக்கு ஓடுங்கள். அங்கே அறுவை தேவைப்படின் தயங்காதீர்கள். என் பேச்சைக் கேட்டு எவரும் தேவையான அறுவையைத் தள்ளிப்போட்டுவிடக் கூடாது.

சட்டம் நமக்குத் துணை நிற்கின்றதா? நிற்கின்றது. மருத்துவரோ மருத்துவ நிறுவனமோ நோயாளிகளை வலிந்து அழைப்பது நெறியன்று என்று 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ மன்ற ஒழுங்குவிதிகள் கூறுகின்றன. மருத்துவப் பணியும் நுகர்வோர் சட்டத்திற்கு உட்பட்டதே என்று 1995-இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்சநயன்மன்றம் தீர்ப்பளித்தது. 2008-இல் சமீரா கோலி வழக்கில் அதே மன்றம், செய்யப்போவது என்ன, மாற்று வழிகள் எவை, இடர்கள் எவை, செய்யாவிடில் என்ன நேரும் என்பவற்றை நோயாளிக்கு உணர்த்திய பின் பெறும் இசைவே உண்மையான இசைவு என்றது. பொய் விளம்பரத்திற்குப் பத்து இலக்கம் உருபா வரை தண்டம் விதிக்க 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் காப்புச் சட்டம் வழிசெய்கின்றது.

உணர்த்திய பின் பெறும் இசைவு! நோயாளி அறியாத மொழியில் எழுதிய தாள் எதனை உணர்த்தும்? இங்குதான் மொழியுரிமை வெறும் மேடைப் பேச்சன்று, உடலைக் காக்கும் உரிமை என்பது விளங்குகின்றது. 'இலேசர்' என்று கேட்கும்போது ஏதோ மந்திரக்கோல் போல் மயங்குகின்றோம். 'சூட்டினால் வட்டைச் சுடுகின்றோம்' என்று நம் மொழியில் சொன்னால், உடனே "எவ்வளவு சூடு? பக்கத்து நரம்பு என்னாகும்?" என்று எளிய கொத்தனாரும் கேட்பார். பொருள் விளங்கிய இடத்தில் கேள்வி பிறக்கும்.

ஆகவே எவரேனும் இவ்வறுவையைப் பரிந்துரைத்தால் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். எனக்கு அறுவை இப்போதே தேவையா? இவ்வறுவையில் சீரொளி எந்த வேலையைச் செய்கின்றது? அதனால் வழக்கமான முறையைவிட எனக்கு என்ன கூடுதல் நன்மை? மீண்டும் அறுவை நேரும் வாய்ப்பு எவ்வளவு? முழுச் செலவு எவ்வளவு? விடைகளை எழுதி வாங்குங்கள். அதன்பின் அந்த மனையோடு தொடர்பில்லாத மற்றொரு வல்லுநரிடமோ, அரசுப் பொது மருத்துவமனையிலோ காட்டுங்கள். இசைவுப் படிவத்தைத் தமிழில் கேளுங்கள். தரும்வரை கையொப்பமிடாதீர்கள்.

அந்தக் கொத்தனார் கையொப்பமிடவில்லை. அரசு மருத்துவமனையில் காட்டினார். இரண்டு திங்கள் பயிற்சி செய்தார். இன்று கனமான மூட்டை தூக்குவதில்லை. ஆனால் சுவர் எழுப்புகின்றார். வலி முற்றும் போய்விட்டதா என்று கேட்டேன். "மழை நாளில் எட்டிப் பார்க்கும் ஐயா. ஆனால் கடன்காரன் எட்டிப் பார்ப்பதில்லை" என்றார்.

தமிழகத்து மருத்துவமனை ஒவ்வொன்றிலும் இசைவுப் படிவம் தமிழில் இருத்தல் வேண்டும் என்னும் வேண்டுகையை இக்கூட்டத்தின் சார்பில் அரசுக்கு எழுதி அனுப்புவோம். வாயிலில் தாள் வைத்திருக்கின்றோம். இன்று நீங்கள் ஒவ்வொருவரும் படித்துப் பார்த்துப் பொருள் உணர்ந்து கையொப்பமிடுங்கள். அது தமிழில் உள்ளது.