"எடிட்ல பாத்துக்கலாம்": ஒரு மாணவர் மியூசிக் வீடியோவின் கதை

(பேச்சின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

கொஞ்ச நாளாகவே விஸ்காம் படிக்கிற பிள்ளைகளிடமிருந்து கிட்டத்தட்ட ஒரே கேள்விதான் வந்துகிட்டிருக்கு. "ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு மியூசிக் வீடியோ பண்றோம், எந்த கேமரா நல்லது, எந்த சாஃப்ட்வேர்ல எடிட் பண்ணலாம்?" கேமராவைப் பற்றி இன்னைக்கு நான் ஒண்ணும் சொல்லப்போறதில்லை. டிபார்ட்மென்ட்ல எது இருக்கோ, எந்த நண்பன் எதைக் கடன் கொடுப்பானோ, அதுதான் உங்க கேமரா. போன்னாலும் சரி. நான் பேச நினைக்கிறது ஒரு வாக்கியத்தைப் பற்றி. ஷூட்டிங் நடக்கிற எந்த இடத்துக்குப் போனாலும் ஒரு மணி நேரத்துக்குள்ள காதுல விழும்.

"விடு மச்சான், எடிட்ல பாத்துக்கலாம்."

இந்த வாக்கியத்தை எங்க டீமில் அதிகம் சொன்னவன் நான். அதனால சொல்ற தகுதி எனக்கு உண்டு.

நாங்க நாலு பேர். பாட்டு எங்க ஹாஸ்டல் நண்பன் ஒருத்தனோடது. அவனே எழுதி, அவனே இசையமைச்சு, அவனே பாடினது. ஊர் பள்ளிபாளையம் பக்கம். அவங்க அம்மா இன்னொருத்தர் குடோன்ல தறி ஓட்டுறவங்க. விசைத்தறி சத்தத்தை போன்ல பதிவு பண்ணி, அதை வெட்டி, அந்த டடக்-டடக்கையே தாளமா வெச்சு பாட்டை அமைச்சிருந்தான். முதல் தடவை ஹெட்போன்ல கேட்டப்ப எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சது. இதுக்கு வீடியோ நான்தான் பண்ணுவேன்னு அன்னைக்கே சொல்லிட்டேன். கையில ஆறாயிரம் ரூபாய். அதில் பாதி சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் போச்சு.

முதல்ல திட்டமிடல். குறும்படத்துக்கும் மியூசிக் வீடியோவுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. குறும்படத்தில் ஒரு காட்சி எவ்வளவு நேரம் ஓடணும்னு நீங்க முடிவு பண்ணலாம். மியூசிக் வீடியோவில் அதைப் பாட்டு ஏற்கனவே முடிவு பண்ணிடுச்சு. அதனால கதை யோசிக்கிறதுக்கு முன்னாடி எண்ணணும். நாலு பீட்டை ஒரு சுற்றுன்னு வெச்சுக்கோங்க. எங்க பாட்டில் மொத்தம் 90 சுற்று. ஒரு நீளத் தாளில் 90 கட்டம் போட்டு, பல்லவி எங்கே, குரல் எங்கே வருது, எங்கே தாளம் நிற்குதுன்னு குறிச்சோம். 61வது சுற்றில் எல்லாச் சத்தமும் நின்னு, நாலு சுற்றுக்கு ஒரே ஒரு குரல் மட்டும் முனகும். அந்தக் கட்டங்களைச் சிவப்பு பேனாவால் சுழிச்சு வெச்சோம். இங்கே என்ன காட்டப்போறோம்? "அங்க ஏதாவது பெருசா வேணும்டா"ன்னு சொன்னாங்க. நான் என்ன சொல்லியிருப்பேன்னு உங்களுக்கே தெரியும்.

இந்த எண்ணிக்கைக்கு இன்னொரு பயனும் உண்டு. நிமிஷத்துக்கு 100 பீட் போற பாட்டுன்னா ஒரு பீட் 0.6 நொடி. நொடிக்கு 25 ஃபிரேம்ல எடுத்தா ஒரு பீட்டுக்குச் சரியா 15 ஃபிரேம், ஒரு சுற்றுக்கு 60. எடிட் டேபிளில் உட்காரும்போது இந்தக் கணக்கு கைகொடுக்கும்.

பெரிய கதை இல்லாம எப்படி வீடியோ பண்றதுன்னு சிலர் கேட்பீங்க. 2011 நவம்பரில் வந்த 'ஒய் திஸ் கொலவெறி டி' வீடியோவை ஒரு தடவை சத்தமில்லாம ஓடவிட்டுப் பாருங்க. ஸ்டூடியோ, மைக், ஹெட்போன், பாடுற ஆள், சுத்தி நிக்கிறவங்க. அவ்வளவுதான். 2006இல் ஓகே கோ குழு 'ஹியர் இட் கோஸ் அகெய்ன்' பாட்டுக்கு எட்டு ட்ரெட்மில் மேல ஆடினாங்க. கேமரா ஒரே இடத்தில் நிக்குது, வெட்டே கிடையாது. அந்த வீடியோவுக்கு கிராமி விருது கிடைச்சது. அதில் எடிட்டருக்குக் கிட்டத்தட்ட வேலையே இல்லை. எல்லா வேலையும் கேமராவை ஆன் பண்றதுக்கு முன்னாடி நடந்திருக்கு. என் மாதிரி ஆட்களுக்கு அது ஒரு நல்ல தண்டனை.

சரி, எங்க கதைக்கு வரேன். ஷூட்டிங் அன்னைக்கு நண்பன் போனில் இருந்தது டெமோ. நிமிஷத்துக்கு 98 பீட். "இன்னும் மிக்ஸிங் முடியலடா, ஆனா நீளம் இதேதான்"னு சொன்னான். எடுத்து முடிச்சு ரெண்டு வாரம் கழிச்சு ஃபைனல் பாட்டு வந்தது. "கொஞ்சம் இழுக்கற மாதிரி இருந்துச்சு, அதனால 100 ஆக்கிட்டேன்." ரெண்டே ரெண்டு பீட். கேட்டா வித்தியாசமே தெரியாது. ஆனா 3 நிமிஷம் 40 நொடி இருந்த பாட்டு 3 நிமிஷம் 36 நொடியா ஆயிடுச்சு. டைம்லைன்ல முதல் வரியில் உதடு சரியா பொருந்துது, ரெண்டாவது வரியில் நழுவுது, பல்லவி முடியறப்ப அவன் வேற ஏதோ பாடுறான்.

இதில் எதைக் காப்பாத்தலாம், எதைக் காப்பாத்த முடியாதுன்னு அன்னைக்குக் கத்துக்கிட்டேன். ரெண்டு சதவீத வித்தியாசம்னா, நாலு நொடி ஷாட்டில் ரெண்டு ஃபிரேம்தான் நழுவும். ஷாட்டோட நடுவைப் பொருத்திட்டா முன்னாடி ஒரு ஃபிரேம், பின்னாடி ஒரு ஃபிரேம். யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க. அதைவிட நீளமான ஷாட்டை 102 சதவீத வேகத்தில் ஓட்டலாம். ஆனா அப்படி ஓட்டினா ஐம்பது ஃபிரேமுக்கு ஒண்ணு காணாமல் போகும். முகம் அசையாம நிக்கிற குளோசப்பில் அது தெரியாது. கேமரா பக்கவாட்டில் நகர்ற ஷாட்டில் ரெண்டு நொடிக்கு ஒரு தடவை சின்னதா விக்கல் எடுக்கும். எங்ககிட்ட இருந்த நீளமான அழகான ஷாட், தறிகளுக்கு நடுவே அவன் பாடிக்கிட்டே நடந்து வர்றது, விக்கல் எடுத்தது. தூக்கிப் போட்டோம். பாட்டு பூட்டப்படாம கேமராவைத் தொடாதீங்க. இசையமைப்பாளர் நண்பனாவே இருந்தாலும், "இதுதான் கடைசி"ன்னு எழுதி வாங்கிக்கோங்க.

குடோனுக்குள்ள ரெண்டு பிரச்சினை. ஓனர் ஒரு நாள் முழுக்க எடுக்க விட்டார், ஒரே நிபந்தனையோட: தறி நிக்கக்கூடாது. நியாயம்தானே, தறி நின்னா கூலி நிக்கும். ஆனா பத்து தறி ஓடுற இடத்தில் நாங்க கொண்டுபோன சின்ன ஸ்பீக்கர் என்ன கத்தினாலும் பாடுறவனுக்கே கேக்கலை. கேமராவுக்குத் தெரியாத பக்கக் காதில் ஒயர் இயர்போன் மாட்டிவிட்டோம். அவனுக்குக் கேட்டது, கேமரா மைக்கில் மட்டும் தறிச் சத்தம்தான் பதிவாச்சு. பாட்டோட எந்த இடத்தை அவன் பாடுறான்னு கண்டுபிடிக்க, எடிட்ல உக்காந்து உதட்டைப் படிச்சேன். மூணு ராத்திரி. இதுக்கு ஒரு சுலபமான வழி இருக்கு, அப்ப எனக்குத் தெரியாது. பாட்டு ஓட ஓட நொடி, ஃபிரேம் எண் திரையில் ஓடற மாதிரி ஒரு கறுப்பு வீடியோ தயார் பண்ணி போன்ல வெச்சுக்கோங்க. அந்தப் போன்லேர்ந்துதான் பாட்டு ஓடணும். ஒவ்வொரு டேக் ஆரம்பத்திலும் போனைக் கேமரா முன்னாடி ரெண்டு நொடி காட்டிட்டு எடுங்க. அந்த எண்ணைப் பார்த்தே டைம்லைன்ல வெச்சுடலாம்.

வெளியே எடுக்கும்போது ஸ்பீக்கர் கேக்கும், ஆனா அங்கேயும் ஒரு கண்ணி இருக்கு. ஆத்தங்கரையில் ஸ்பீக்கரையும் அவனையும் ஒரு இடத்தில் நிறுத்தி, முப்பது மீட்டர் தள்ளி கேமரா வெச்சோம். சத்தம் முப்பது மீட்டர் வர கிட்டத்தட்ட 0.09 நொடி ஆகும், அதாவது ரெண்டு ஃபிரேம். கேமராவில் பதிவான சத்தத்தை வெச்சுப் பொருத்தினா உதடு பாட்டுக்கு முன்னாடி ஓடும். அந்த ஷாட்டை மட்டும் ரெண்டு ஃபிரேம் பின்னால தள்ளணும். கணக்கு வாத்தியார் சொல்லிக்கொடுத்த ஒலியின் வேகம் எனக்கு வாழ்க்கையில் பயன்பட்ட ஒரே இடம் இதுதான்.

குடோன்ல இன்னொண்ணு, ட்யூப் லைட். நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் போட்ட ட்யூப் லைட் நொடிக்கு 100 தடவை மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது. கேமராவில் 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 வெச்சா அதுக்கும் தெரியாது. ஆனா நாடா பாவுக்குள்ள பாயறதை ஸ்லோ மோஷன்ல எடுக்கணும்னு ஆசைப்பட்டு 120 ஃபிரேம்ல எடுத்தோம். நூறும் நூத்தி இருபதும் ஒத்துப்போகாது. மெதுவா ஓட்டிப் பார்த்தா நொடிக்கு நாலு தடவை மொத்த குடோனும் மின்னி மின்னி மறையுது, பேய்ப் படம் மாதிரி. 100 ஃபிரேம்ல எடுத்திருந்தா இந்தத் தொல்லையே இல்லை. கேமரா மெனுவில் 50 ஹெர்ட்ஸ் அல்லது பால் (PAL இல்லைங்க, குடிக்கிற பால்னு நினைச்சுத்தான் நாங்க விட்டோம்) அப்படின்னு ஒரு அமைப்பு இருக்கும், அதைப் போட்டுட்டுத் தொடங்குங்க.

இதெல்லாம் தொழில்நுட்பம். தப்பு பண்ணா ராத்திரி தூக்கம் போகும், அவ்வளவுதான். நான் சொல்ல வந்தது வேற.

மதியம் அம்மா சாப்பிட உக்காந்தாங்க. கவிழ்த்துப் போட்ட ஒரு பெட்டி மேல தூக்குப்போசி. தலையெல்லாம் பஞ்சு. தறி ஓடிக்கிட்டே இருக்கு. கை சோத்தில், கண் நூலில். நூல் அறுந்தா எச்சில் கையோட எழுந்திரிக்கணும். கேமராமேன் லென்ஸைத் திருப்பினான். அவங்க பார்த்துட்டாங்க. சிரிச்சுக்கிட்டே, "திங்கறத எடுக்காத கண்ணு"ன்னாங்க. அவன் என்னைப் பார்த்தான். நான் அவன் காதில் சொன்னேன், "எடு. எடிட்ல பாத்துக்கலாம்."

அந்த ஷாட் 61வது சுற்றில் வந்து உக்காந்தது. சிவப்பு பேனாவால் சுழிச்ச அதே இடம். எல்லாச் சத்தமும் நிக்குது, அவங்க ஒரு வாய் எடுத்து வெச்சுட்டுத் தறியைத் திரும்பிப் பாக்குறாங்க. அதைவிட நல்ல ஒன்பதரை நொடி நான் இதுவரை வெட்டினதில்லை. போட்டுப் பார்த்த மூணு பேரும் கண் கலங்கினாங்க. பாடினவன் மட்டும் அப்ப ஊருக்குப் போயிருந்தான்.

ஸ்கிரீனிங்குக்கு முந்தின நாள் ராத்திரி அவன் பார்த்தான். முழுசா பார்த்துட்டு, "அந்த இடத்த எடுத்துரு"ன்னான். நான் வாதாடினேன். பாட்டே அதுதானேடா, உங்கம்மாவைப் பத்தித்தானே எழுதியிருக்கே, இதைப் பார்த்தா யாரும் அவங்களைக் குறைவா நினைக்க மாட்டாங்கன்னு என்னென்னமோ சொன்னேன். நான் சொன்ன ஒவ்வொண்ணும் உண்மைதான், அதுதான் சிக்கல். அவன் பதிலுக்கு வாதாடவே இல்லை. "சரி, அப்ப பேரு போடற எடத்துல என் பேரையும் எடுத்துரு"ன்னு சொல்லிட்டு லைட்டை அணைச்சுப் படுத்துட்டான்.

எடுத்துட்டேன். ஆனா ஒன்பதரை நொடி ஓட்டை. 240 ஃபிரேம். அங்கே வைக்கிறதுக்கு மாற்றா ஒரு ஷாட்டும் நான் எடுத்திருக்கலை. பாட்டு காத்திருக்காது, அதுதான் மியூசிக் வீடியோ. எல்லா கிளிப்பையும் விடியற்காலை வரைக்கும் தோண்டினேன். கடைசியில் ஃபோகஸ் சோதிக்க எடுத்த ஒரு துண்டு கிடைச்சது. பாவு தீர்ந்து நின்னிருந்த ஒரு தறி. யாரும் இல்லை. முதல் ரெண்டு நொடி மங்கலா இருந்து மெல்லத் தெளிவாகும். அதை வெச்சேன். அடுத்த நாள் பார்த்தவங்கள்ல ஒருத்தர் அந்தக் காலித் தறி ஷாட்டைத் தனியாப் பாராட்டினார். நான் நன்றி சொல்லிட்டேன், வேறென்ன சொல்றது? அம்மா சாப்பிடற கிளிப்பைப் பிறகு ஒரு பென் டிரைவ்ல போட்டு அவன்கிட்ட கொடுத்துட்டு, என் டிஸ்க்கில் அழிச்சேன்.

இப்ப ஷாட் லிஸ்ட் எழுதும்போது ஓரத்தில் ஒரு பத்தி விட்டு வெக்கிறேன். படத்தில் வர்ற ஆள் எதை வேண்டாம்னு சொன்னார்னு அங்கே எழுதிக்குவேன். கேமராமேனுக்கும் ஒரு பிரதி. அவங்ககிட்ட காலையிலேயே கேட்டுடறது, எங்கே வெளியிடப் போறோம்கிறதையும் சேர்த்து. "காலேஜுக்குத்தாங்க"ன்னு சொல்லிட்டு யூடியூபில் போடறதும் பொய்தான்.

எடிட்டிங் பத்தி இன்னும் ரெண்டு வார்த்தை. முதல்ல ஃபைனல் பாட்டை வெச்சு, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு மார்க்கர் போட்டுட்டு, பாடுற ஷாட்களை மட்டும் முழுசா அடுக்குங்க. ஒவ்வொரு கோணத்திலும் பாட்டை முதலிலிருந்து கடைசி வரை ஒரு தடவையாவது பாட வெச்சிருந்தாத்தான் இது நடக்கும். எல்லா பீட்டிலும் வெட்டாதீங்க, ரெண்டாவது நிமிஷம் கண் களைச்சுடும். சில வெட்டு பீட்டுக்கு ஒரு ஃபிரேம் முன்னாடி விழுந்தா காதுக்குச் சரியாப் படும், போட்டுப் பாருங்க. வெளியே அனுப்பறப்ப எம்பி3 வேண்டாம், மிக்ஸிங் பண்ணவன்கிட்ட வேவ் ஃபைல் கேட்டு வாங்குங்க.

கொஞ்ச நாள் கழிச்சு நண்பன் வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். அம்மா அவன் போனில் வீடியோவை முழுசா பார்த்தாங்க. பாட்டைப் பத்தி ஒண்ணும் சொல்லலை. காலித் தறி வர்ற இடத்தில் மட்டும் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்துட்டு, போனைத் திருப்பிக் கொடுத்தாங்க.

"அது என் தறி இல்ல கண்ணு. அது கடைசித் தறி, அன்னைக்குப் பாவு தீந்து கெடந்துச்சு. என் தறி அன்னைக்கு நிக்கவே இல்ல."