மதுக்கடை மாடியில் ஒரு வகுப்பு
(புதுக்கோட்டையில் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



லண்டன் மாநகரில் சோஹோ பகுதியில் கிரேட் விண்ட்மில் தெரு இருக்கிறது. அதில் 20-ஆம் எண் கட்டிடம் நெடுங்காலம் ஒரு மதுக்கடை. ரெட் லயன், அதாவது செஞ்சிங்கம் என்று பெயர். புதுக்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு லண்டன் மதுக்கடையைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

பிழைப்புத் தேடி லண்டன் வந்த ஜெர்மன் தொழிலாளர்கள் 1840 பிப்ரவரியில் ஒரு கல்விச் சங்கம் கண்டார்கள். முன்னின்றவர்களில் பாவர் செருப்புத் தைப்பவர். மோல் கடிகாரம் செய்பவர். இவர்களுக்கு மண்டபம் யார் கொடுப்பார்? மதுக்கடைக்காரன் கொடுத்தான். ஆள் சேர்ந்தால் பீர் விற்குமல்லவா! அந்நாளில் இங்கிலாந்தின் தொழிற்சங்கங்கள் பலவும் மதுக்கடை அறைகளில்தான் கூடின. கூலிப் பட்டுவாடாவும் பல இடங்களில் அங்கேயே. வாங்கிய காசு வாசல் தாண்டுமுன் கரைந்துவிடும். அதைத் தடுக்க 1883-இல் தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று.

1847 இறுதியில் நடந்த கம்யூனிஸ்ட் லீக் மாநாடு ரெட் லயன் மாடியில்தான் கூடியது என்று சொல்வது வழக்கம். அறிக்கை எழுதும் பொறுப்பு மார்க்சுக்கும் எங்கெல்சுக்கும் அம்மாநாட்டில்தான் தரப்பட்டது. ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது 1849-50 வகுப்புகள். வேலை முடிந்து களைத்து வந்த தொழிலாளிகளுக்கு, கூலி என்ன, மூலதனம் என்ன என்று மார்க்ஸ் கரும்பலகையில் எழுதிக் காட்டினார். கீழே குடி, மேலே படிப்பு!

பிற்காலத்தில் அந்தக் கடை மூடப்பட்டு, வேறு பெயரில் காக்டெயில் பார் ஆயிற்று. ஏன் படிப்பகம் ஆகவில்லை? கட்டிடம் சங்கத்தினுடையதல்ல, அவ்வளவுதான். அதே நகரில் கிளார்க்கன்வெல் கிரீனில் தொழிலாளர் இயக்கம் 1933-இல் அமைத்த மார்க்ஸ் நினைவு நூலகமோ இன்றும் நூலகமாகவே இருக்கிறது. லெனின் 1902-03-இல் 'இஸ்க்ரா' பத்திரிகை வேலையைப் பார்த்த கட்டிடம் அது.

நம் மாவட்டத்தில் 1991-இல் அறிவொளி வந்தபோது, பகலெல்லாம் கல் உடைத்த பெண்கள் இரவில் எழுத்துக் கூட்டினார்கள், சைக்கிள் பழகினார்கள். அந்தப் படிப்புக்கும் நிரந்தரமாக ஒரு கூரை வேண்டுமல்லவா?

2023 ஜூனில் தமிழகத்தில் 500 டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டன. உங்கள் ஊரில் அப்படி ஒன்று பூட்டிக் கிடந்தால் உரிமையாளரைப் பாருங்கள், வாடகை கேளுங்கள். ஒரு மேசை, நாலு பெஞ்சு, தினப் பத்திரிகை போதும். தொகையை வரும் ஞாயிறு கூட்டத்தில் வைத்துப் பேசுவோம்.