காணி என்பதை எப்படிச் சொல்வது?



கவிதையைப் பிறமொழிக்குக் கொண்டுசெல்வோர் ஓசைக்கு அஞ்சுவர், உவமைக்கு அஞ்சுவர். அளவுச் சொற்களுக்கு மட்டும் அஞ்சுவதில்லை. வாய்பாடு இருக்கிறது, பெருக்கினால் போதும் என்பது அவர்தம் துணிவு. அத்துணிவு எங்கே சறுக்குகிறது என்பதைச் சொல்லவே இன்று வந்துள்ளேன்.

விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் நிலத்துக்குப் பட்டாவில் ஒரு மொழி, பத்திரத்தில் ஒரு மொழி, வரப்பில் ஒரு மொழி. பட்டாவில் ஹெக்டேரும் ஏரும். பத்திரத்தில் ஏக்கரும் சென்ட்டும். வரப்பில் நின்று பேசினால் காணியும் குழியும். இருபத்து நான்கடிக் கோலால் நீளம் ஒரு கோல், அகலம் ஒரு கோல் அளந்தால் ஒரு குழி. அஃதாவது 576 சதுர அடி. நூறு குழி சேர்ந்தால் ஒரு காணி. அது 57,600 சதுர அடி, ஏறத்தாழ 1.32 ஏக்கர்.

கொள்ளிடம் கடந்து தஞ்சைப் பக்கம் செல்லுங்கள். அங்கும் குழி உண்டு. ஆனால் கோல் பன்னிரண்டடி. ஆகவே குழி 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. கோல் பாதியானால் நிலம் கால்பங்காகிறது. தஞ்சைக் கதையொன்றில் வரும் நூறு குழியை நம்மூர்க் கணக்கில் ஆங்கிலமாக்கினால், ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு வைத்திருந்த ஏழை உழவர் ஒன்றேகால் ஏக்கருக்கு மேல் உடையவராகிவிடுவார். அவர் வறுமையே மாறிவிடும், கதையும் மாறிவிடும்.

கல்வெட்டில் சிக்கல் இன்னும் பெரிது. முதலாம் இராசராசன் (985–1014) காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் மா என்பது இருபதில் ஒன்று. காணி என்பது எண்பதில் ஒன்று. முந்திரி என்பது முந்நூற்று இருபதில் ஒன்று. இவை வேலியைக் கூறிடும் பின்னங்கள். அங்குள்ள காணியை 1.32 ஏக்கர் என்று எழுதுவது பெரும்பிழை.

இத்தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. ஸ்பானிய மொழியில் ‘கபயேரியா’ என்றொரு நில அளவு உண்டு. குதிரைவீரனுக்கு அளிக்கப்பட்ட நிலத்திலிருந்து பிறந்த பெயர். கியூபாவில் அது ஏறத்தாழ 33 ஏக்கர். போர்ட்டோ ரிக்கோவில் 190 ஏக்கருக்கும் மேல். ‘ஃபனேகா’ என்பது தானியம் அளக்கும் அளவு. அவ்வளவு விதை விதைக்கும் நிலத்துக்கும் அதுவே பெயர். நெல்லைச் சீமையின் ‘கோட்டை விதைப்பாடு’ இதன் உடன்பிறப்பு எனலாம். ஸ்பானியப் பத்திரத்தை ஆங்கிலமாக்குவோரும், நம்மைப் போலவே, எந்த ஊர், எந்தக் காலம் என்று முதலில் கேட்டாக வேண்டும்.

பத்திரத்துக்கு இவ்வளவு போதும். கவிதைக்குப் போதுமா? பாரதி பராசக்தியிடம் வேண்டியது ஒரு காணி நிலம். அதனை ஏக்கர் என்று ஆங்கிலத்தில் எழுதினால் முப்பத்திரண்டு சென்ட் குறைகிறது. 1.32 ஏக்கர் என்று எழுதினால் வேண்டுதல் விண்ணப்பமாகிறது. மேலும், காணி என்பது அளவு மட்டுமன்று. வழிவழியாக வரும் உரிமையும் ஆகும். காணியாட்சி என்ற சொல்லில் அவ்வுரிமையே பேசுகிறது. ஆகவே பத்திரத்தில் அளவை மாற்றுங்கள். கவிதையில் காணியைக் காணியாகவே நிறுத்துங்கள். விளக்கம் வேண்டுமெனில் நூலின் முன்னுரை இருக்கிறது.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். இன்று நம் சாலையோரத்துக் காணிகள் மனைகளாகி வருகின்றன. 2,400 சதுர அடி ஒரு மனை எனக் கொண்டால், ஒரு காணி சரியாக 24 மனை. கணக்கு வழுவின்றிப் பொருந்துகிறது. ஆனால் மனை வாங்குவோர் காணி என்று சொல்வதில்லை; அவர்தம் பிள்ளைகள் அச்சொல்லைக் கேட்கப்போவதுமில்லை. அச்சொல்லை வரப்பில் கேட்டு வளர்ந்தவர்கள் இவ்வவையில் பலர் இருக்கிறீர்கள். அதை, அதன் கோலோடும் உரிமையோடும், உங்கள் கவிதைகளில் எழுதிவையுங்கள். நம் மொழியில் இல்லாது போன சொல்லை எந்த மொழிபெயர்ப்பாளராலும் பிறமொழிக்குக் கொண்டுசெல்ல இயலாது.