மூலைக் கட்டை



விளையாட்டைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு கலைப் பட்டதாரிக்கு, அதிலும் தமிழும் வரலாறும் கற்பித்தே தலை நரைத்த ஒரு பாடசாலை அதிபருக்கு, என்ன உரிமை உண்டு என நீங்கள் வினவக்கூடும். நியாயமான வினாவே. இன்று நான் பேசப் புகும் ஆட்டத்தை என் வாழ்நாளில் ஐந்து தடவைகள்கூட ஆடியவனல்லேன். ஆயினும் அதன் ஒரு மூலையை மாத்திரம் ஓரளவு ஆராய்ந்திருக்கிறேன். அதற்குக் காரணமானவர் என் தமையனார்.

அண்ணர் 1985ஆம் ஆண்டில் நாட்டை விட்டுச் சென்றவர். கனடாவில் ரொறன்ரோ நகரில் ஒரு தொழிற்சாலையில் நெடுங்காலம் இரவு வேலை பார்த்தார். 2018ஆம் ஆண்டு மார்கழி விடுமுறையில் அவரைப் பார்க்கச் சென்றேன். அங்கே பனி கொட்டும் மாலைகளில் அவர் போகும் இடம் ஒன்றே ஒன்று. அது பத்துக் கட்டைப் போலிங் ஆடும் மண்டபம். தொழிற்சாலை நண்பர்கள் சேர்ந்து அமைத்த ஓர் அணியில் அவர் பல்லாண்டுகளாக ஆடி வந்தார். நான் சென்ற வேளையில் அவருடைய சராசரி 142 ஆக இறங்கியிருந்தது. அணியின் இளைஞர்கள், தை மாதத்திலிருந்து அவர் மாற்று ஆட்டக்காரராக இருக்கலாமே என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். அண்ணர் இதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் எப்போது உண்மையாகச் சிரிப்பார், எப்போது சிரிக்க மாட்டார் என்பது எனக்குச் சிறுவயதிலேயே தெரியும்.

வானொலியிலே படம் வரைந்து காட்ட இயலாது. ஆகவே நேயர்கள் மனத்தில் ஒரு காட்சியை வரைந்துகொள்ள வேண்டுகிறேன். நாற்பத்தொன்றரை அங்குல அகலமுள்ள நீண்ட பலகைத் தளம். நீளவாட்டில் 39 பலகைகள் அடுக்கிய அகலம் அது. இருபுறமும் கான்கள். ஆடுபவர் நிற்கும் எல்லைக் கோட்டிலிருந்து 60 அடி தூரத்தில் முதற்கட்டை. அதன் பின்னே இரண்டு, பின்னர் மூன்று, கடைசி வரிசையில் நான்கு. ஆக முக்கோணமாகப் பத்துக் கட்டைகள். ஒவ்வொன்றும் 15 அங்குல உயரம். வயிறு பருத்த இடத்தில் நாலேமுக்கால் அங்குல அகலம். பந்தின் விட்டம் ஏறக்குறைய எட்டரை அங்குலம். நிறை 16 இறாத்தலுக்கு மேற்படலாகாது. கடைசி வரிசையின் இடக் கோடியில் நிற்பது ஏழாம் கட்டை. வலக் கோடியில் நிற்பது பத்தாம் கட்டை. இவ்விரண்டுமே மூலைக் கட்டைகள்.

இந்த ஆட்டத்திற்கு அமெரிக்காவில் ஒழுங்கான விதிகளை வகுத்த சங்கம் 1895இல் நியூயோர்க்கில் தோன்றியது. பந்தும் கட்டையும் பெரிதாக இருக்கின்றன என்று ரொறன்ரோவாசிகள் சலித்துக்கொண்டதால், 1909இல் தோமஸ் றையன் என்பவர் அங்கேயே ஐந்து கட்டைகளும் சிறு பந்தும் கொண்ட வேறோர் ஆட்டத்தை உண்டாக்கினார். அண்ணருக்கு அது பிடிக்காது. "அது பிள்ளைகள் ஆடுவது" என்பார். ஐந்து கட்டை ஆடுவோர் இதனை ஒப்புக்கொள்ளமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

ஒரு சுற்றில் இரு தடவை பந்துருட்டலாம். முதற்பந்திலேயே பத்தும் விழுந்தால் ஸ்ட்ரைக். மிஞ்சியதை இரண்டாம் பந்தில் வீழ்த்தினால் ஸ்பெயர். ஸ்பெயருக்குப் பத்துப் புள்ளிகளுடன், அடுத்த பந்தில் விழும் கட்டைகளும் சேர்த்து எண்ணப்படும். இந்தச் சேர்க்கையிலேதான் சூட்சுமம் இருக்கிறது. ஒருவர் பத்துச் சுற்றிலும் முதற்பந்தில் ஒன்பது கட்டைகளை வீழ்த்தி, மிஞ்சிய ஒன்றை ஒவ்வொரு முறையும் தவறவிடுகிறார் எனக் கொள்வோம். அவருக்கு 90 புள்ளிகள். இன்னொருவரும் அப்படியே ஒன்பது ஒன்பதாக வீழ்த்துகிறார். ஆனால் மிஞ்சிய ஒன்றையும் தவறாது எடுத்துவிடுகிறார். இறுதியில் கிடைக்கும் மேலதிகப் பந்திலும் ஒன்பதே வீழ்த்துகிறார். அவருக்கு 190. ஒரு ஸ்ட்ரைக்கும் இல்லை. முதற்பந்தில் இருவருக்கும் எவ்வித வேறுபாடும் இல்லை. பத்தே பத்துக் கட்டைகள் நூறு புள்ளிகளைத் தூக்கிக் கொடுத்துவிட்டன.

பரீட்சைப் புள்ளிப் பட்டியலைப் பார்த்துப் பழகிய கண்ணல்லவா? முதல் மாலையிலேயே அண்ணரின் மூன்று ஆட்டங்களையும் ஒரு சிறு குறிப்புப் புத்தகத்தில் பதிந்தேன். முப்பது சுற்றுகளில் ஆறு தடவை பத்தாம் கட்டை தனியாக நின்றது. ஆறில் ஒன்றையே அவர் எடுத்தார். தவறிய ஒவ்வொன்றும் அந்த ஒரு புள்ளியையும், அடுத்த பந்தின் எட்டையோ ஒன்பதையோ சேர்த்துக் கொண்டு போயிற்று. ஓர் ஆட்டத்திற்குச் சராசரி பதினைந்து புள்ளிகள்! அவரை அணியிலிருந்து இறக்குவது முதுமையன்று, ஒரு மூலையே என்பது எனக்கு அன்றிரவே தெரிந்துவிட்டது. சொன்னபோது அவர் ஏற்கவில்லை. "அது ஒரு கட்டைதானே தம்பி. ஸ்ட்ரைக் வந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்றார். என் மாணவர்களும் இவ்வாறே சொல்வார்கள்: பெரிய வினாவை எழுதிவிட்டால் போதுமாம், சிறு வினாக்களைப் பார்த்துக்கொள்ளலாமாம்.

வலக்கையால் உருட்டுபவருக்கு இந்தப் பத்தாம் கட்டை ஏன் அடிக்கடி மிஞ்சுகிறது? நன்கு போன பந்து முதற்கட்டைக்கும் மூன்றாம் கட்டைக்கும் இடையே புகுகிறது. பந்து தானே தொடுவது நான்கு கட்டைகளை மாத்திரமே. ஏனையவற்றைக் கட்டைகளே வீழ்த்துகின்றன. மூன்றாம் கட்டை ஆறாம் கட்டையைத் தள்ள, ஆறாவது போய்ப் பத்தாவதைச் சாய்க்க வேண்டும். பந்து இம்மியளவு விலகினாலும் ஆறாவது, பத்தாவதன் கழுத்தைச் சுற்றிப் பறந்துவிடும். அல்லது சோர்ந்து கானுக்குள் படுத்துவிடும். கண்ணுக்கு ஸ்ட்ரைக் போலவே தோன்றிய பந்தின் பின்னால் அந்த ஒற்றைக் கட்டை அசையாமல் நிற்கும். கோபம் வருவது இயல்பு. கோபத்தோடு இரண்டாம் பந்தை எடுப்பதே முதற்பிழை.

இரண்டாம் பிழை கேத்திரகணிதம் சார்ந்தது. இதை நான் அண்ணரின் சமையலறை மேசையில், தேநீர்க் கோப்பைகளை ஒதுக்கிவிட்டு, அளவுகோலால் வரைந்து பார்த்தேன். நடுவிலே தனியாக ஒரு கட்டை நின்றால், பந்து அதன் இடப்பக்கத்தையோ வலப்பக்கத்தையோ உரசினாலும் போதும். பந்தின் விட்டத்தையும் கட்டையின் அகலத்தையும் கூட்டினால் பதின்மூன்றேகால் அங்குலம். அவ்வளவு அகலமான வாசல் திறந்திருக்கிறது. மூலைக் கட்டைக்கோ அந்த வாசல் முழுதாகத் திறப்பதில்லை. அதன் நடுப்புள்ளியிலிருந்து கானின் விளிம்பு இரண்டேமுக்கால் அங்குலத்தில் இருக்கிறது. பந்து தளத்தைத் தொடும் இடம் அந்த விளிம்பைத் தாண்டினால் பந்து கானுக்குள் போய்விடும். உட்புறத்திலோ ஆறரை அங்குலத்திற்குச் சற்று மேல் இடமுண்டு. ஆக வாசலின் அகலம் ஒன்பதேகால் அங்குலமளவே. அதுவும் ஒருபக்கம் ஒடுங்கிய வாசல்.

நேயர்களே, இதிலிருந்து பெறப்படுவதைக் கவனியுங்கள். கட்டையின் நடுவை நேரே குறிவைப்பவர், கானின் பக்கம் இரண்டேமுக்கால் அங்குலத்தையும், மறுபக்கம் ஆறரை அங்குலத்தையும் வைத்துக்கொண்டு உருட்டுகிறார். தன் பிழைக்கு மிகக் குறைந்த இடத்தைக் கானின் பக்கத்திலேயே ஒதுக்குகிறார்! வாசலின் உண்மையான நடு, கட்டையின் நடுவன்று; அதற்கு ஏறக்குறைய இரண்டு அங்குலம் உள்ளே இருக்கிறது. அங்கே குறிவைத்தால் இருபுறமும் நாலரை அங்குலம் கிடைக்கும். தளத்தில் 15 அடி தூரத்தில் வரிசையாகச் சில அம்புக்குறிகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. பந்தைச் சரியான இடத்தில் இறக்கினால், அந்த அம்புக்குறிகளருகே இருபுறமும் ஒவ்வொரு பலகை அளவு பிழைக்கு இடமுண்டு என்பது இதன் பொருள். கட்டையின் நடுவையே நோக்கினால், கானின் பக்கம் ஒரு பலகைப் பிழைக்குக்கூட இடமில்லை.

எங்கே நிற்பது? அண்ணர் வழக்கமாக நின்ற இடத்திலேயே நின்று, வலப்பக்கமாகவே உருட்டுவார். பந்து வழிநெடுகிலும் கானை ஒட்டியே ஓடும். வழியில் எவ்விடத்திலும் விழலாம். அதற்கு மாறாக, பத்தாம் கட்டைக்கு இடப்பக்கமாகத் தள்ளி நின்று, தளத்தின் குறுக்கே உருட்ட வேண்டும். நடு அம்புக்குறிக்கும் அதற்கு அடுத்த வலப்புறத்து அம்புக்குறிக்கும் இடையே பந்து சென்றால் அது மூலையை நோக்கிப் போகும். பெரும்பகுதித் தூரத்தைத் தளத்தின் நடுவிலேயே கழித்துவிட்டு, கடைசியில்தான் கானை அணுகும். ஏழாம் கட்டைக்கு வலப்பக்கமாக நிற்பது. இடக்கையாளருக்கு இவை யாவும் மாறி வரும்; அவருக்கு வில்லங்கம் தருவது ஏழாம் கட்டையே. உடம்பையும் மூலையை நோக்கித் திருப்பிக்கொள்ள வேண்டும். தோள் ஒரு திசையும் கால் ஒரு திசையுமாக நின்றால் கை மூன்றாவது திசைக்குப் போகும். கண் கட்டையில் இருக்கலாகாது, அம்புக்குறியில் இருத்தல் வேண்டும். அறுபதடிக்கு அப்பாலுள்ளதைப் பார்த்து எறிவதிலும், பதினைந்தடியில் உள்ள அடையாளத்தின் மேல் உருட்டுவது எளிது. போளை அடித்த எந்தச் சிறுவனும் இதை ஒப்புக்கொள்வான்.

இனி மிகக் கடினமான செய்தி. ஸ்ட்ரைக் வேண்டி உருட்டும் பந்தை வளைத்து விடுவார்கள். விரல்கள் பந்தின் பக்கவாட்டில் ஏறிச் சுழற்ற, அது கடைசியில் இடப்பக்கம் வளைந்து புகும். தளத்தின் மேல் எண்ணெய் பூசப்பட்டிருக்கும். பெரும்பாலும் நடுவிலே தடிப்பாகவும் ஓரங்களில் மெல்லியதாகவும் இருக்கும். எண்ணெய் முடிந்த இடத்தில் பந்து பலகையைப் பற்றிக்கொண்டு வளையும். 1990களில் வந்த புதுவகைப் பிசின் பந்துகள் முன்னையவற்றிலும் மிகுதியாகப் பற்றி வளைபவை. அதே பந்தை அதே சுழற்சியுடன் பத்தாம் கட்டைக்கு விட்டால், அது மூலையை அடையுமுன் இடப்பக்கம் திரும்பிவிடும். அதற்கு அஞ்சி இன்னும் வலப்பக்கம் விட்டால் கான். ஆகவே இதற்கு நேராக ஓடும் பந்தே உகந்தது. பிளாஸ்ரிக் பந்து ஒன்றை இதற்கென்றே தனியாக வைத்திருப்போர் பலர். மணிக்கட்டைத் திருப்பாமல், உள்ளங்கை பந்தின் பின்னேயே இருக்க, கையை இலக்கை நோக்கி நீட்டி முடிக்க வேண்டும். வளைவே இல்லையெனில் எண்ணெய் எங்கே முடிந்தால் நமக்கென்ன?

அண்ணருக்கு இது கசந்தது. வளைந்து செல்லும் பந்தில்தான் அவருடைய பெருமையெல்லாம் இருந்தது. "நேர்ப்பந்து புதிதாகப் பழக வருபவன் விடுவது" என்றார். "நீ பந்தைத் தூக்கிப் பார்த்திருக்கிறாயா?" என்றும் கேட்டார். மறுநாள் தூக்கினேன். என் முதல் நான்கு பந்துகளும் கானுக்குள் போயின; அவர் மனம்விட்டுச் சிரித்தார். ஐந்தாவது, இரண்டு அங்குலம் உள்ளே நோக்கிக் குறுக்கே விட்டது, பத்தாம் கட்டையை எடுத்தது. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, நான் நின்ற பலகையைக் குனிந்து பார்த்தார்.

அதன் பின் இரண்டு வாரங்கள், ஆள் குறைந்த முற்பகல் வேளைகளில், மண்டபத்தின் பழைய பிளாஸ்ரிக் பந்து ஒன்றை எடுத்துக்கொண்டு பயின்றார். பத்துக் கட்டைகளும் நிற்கையில் முதற்பந்தால் பத்தாவதை மாத்திரமே தட்டுவது, இரண்டாம் பந்தால் ஏழாவதை மாத்திரமே தட்டுவது, இதுவே பயிற்சி. தட்டியவற்றை நான் எண்ணினேன். முதல் நாள் இருபதில் நான்கு. நான் புறப்படுவதற்கு முதல் நாள் இருபதில் பதினொன்று. பெரிய வெற்றி என்று சொல்லமாட்டேன். ஆனால் கானுக்குள் போனவை இரண்டே.

தை மாதத்தில் அவர் மாற்று ஆட்டக்காரராகவில்லை. அணியினர் ஒரு மாதம் பொறுத்துப் பார்ப்போம் என்றார்களாம். பின்னர் அந்தப் பேச்சு எழவில்லை. அப்போதிருந்து ஆட்ட நாளின் மறுநாள் காலையில், பாடசாலை மணி அடிக்குமுன், புள்ளித் தாளின் படத்தைத் தொலைபேசியில் அனுப்பத் தொடங்கினார். மூலைக் கட்டை நின்ற இடங்களில் நான் சிவப்பு வட்டமிட்டுத் திருப்பி அனுப்புவேன். சென்ற முறை வந்த தாளில் மூன்று வட்டங்கள். இரண்டை எடுத்திருக்கிறார். மூன்றாவதற்கு எங்கே நின்றீர்கள் என்று கேட்டிருக்கிறேன். மறுமொழி இன்னும் வரவில்லை.