செய்தி சொல்வதும் ஒரு பொறுப்பு
(சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் ஆற்றிய உரை)



நம்மில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு சல்மா சுல்தானை மறந்திருக்காது. 1967 முதல் 1997 வரை தூர்தர்ஷனில் இந்திச் செய்தி வாசித்தவர். காதோரம் ஒரு ரோஜாப்பூ வைத்திருப்பார். இந்தி புரியாவிட்டாலும் டிவி முன்னால் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். பின்னாளில் தொலைக்காட்சித் தொடர்களும் இயக்கினார்.

1984 அக்டோபர் 31 காலை பிரதமர் இந்திரா காந்தி சுடப்பட்டார். அந்த மரணச் செய்தியை அன்று மாலை தூர்தர்ஷனில் வாசித்தவர் சல்மாதான். சம்பவம் நடந்து பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. பிபிசி வானொலி முன்பே சொல்லிவிட்டது, ஊரெங்கும் வதந்தி. ஆனாலும் பலர் அவர் வாயால் கேட்ட பிறகுதான் நம்பினார்கள். அது பதினேழு வருட வேலையில் சேர்த்த நம்பிக்கை.

இதை ஏன் சொல்கிறேன்? போன மாதம் "மூன்று நாள் தண்ணீர் வராது" என்று நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தகவல் வந்ததே, அதை அனுப்பியது நான்தான். விசாரிக்கவில்லை. மோட்டார் பழுது, மூன்றே மணி நேரம். அதற்குள் நாலாவது மாடிப் பெரியவர் குடம் தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், உங்களிடமும் கேட்கிறேன்.

நிர்வாகக் குழுவுக்கு ஒரு வேண்டுகோள்: தகவலை உடனே சொல்லுங்கள், தாமதித்தால் வதந்தி முந்திக்கொள்ளும். நாமும் விசாரித்துவிட்டு அனுப்புவோம்.