நடுவில் யார்?
(பங்கின் யூபிலி விழாவில் ஆற்றிய உரை)



பழைய செபப் புத்தகங்களிலும், சுவரில் மாட்டியுள்ள புனிதர் படங்களிலும் ஓரங்களில் இலையும் பூவும் சுருண்டோடும். மூலைகளில் சிறகு முளைத்த குழந்தைகள் எட்டிப் பார்க்கும். அச்சுத்தொழிலை நம்பி வாழும் சிவகாசி வட்டாரத்து மக்களாகிய நம்மிடம் அந்த ஓரத்தைப் பற்றிப் பேசுவது பொருத்தமே.

யாத்திராகமம் 25 ஆம் அதிகாரத்தில், உடன்படிக்கைப் பேழையின் மூடிமேல் பொன்னால் இரண்டு கெரூபிம்களைச் செய்யக் கட்டளை பிறக்கிறது. நம் பழைய செபங்கள் இவர்களை ஞானாதிக்கர் என்கின்றன. சிறகை விரித்து, முகத்தை மூடியை நோக்கித் திருப்பியிருப்பதே அவர்கள் வேலை.

இவர்கள் எப்படிக் குழந்தைகள் ஆனார்கள்? ரோமரின் கல் சவப்பேழைகளில் மாலை தாங்கி நின்ற சிறகுள்ள குழந்தைகளை 15 ஆம் நூற்றாண்டு இத்தாலியச் சிற்பிகள் மீண்டும் செதுக்கினார்கள். ஞானாதிக்கருக்கும் அந்த உருவமே வந்து சேர்ந்தது. பிறகு ஆண்ட்வெர்ப் நகரத்தார் செப்புத்தகட்டில் உளியால் கோடு கீறி, கோட்டில் மை நிரப்பி, ஈரத்தாளை வைத்து உருளையில் அழுத்தி எடுத்தார்கள். ரூபன்ஸ் போன்ற பெரும் ஓவியரே அங்கு நூல்களின் முகப்பு வரைந்து கொடுத்தார். சட்டத்தை ஒருமுறை செதுக்கிவிட்டால், நடுவில் தலைப்பை மட்டும் மாற்றி வேறு நூலுக்கும் பயன்படுத்தலாம்.

அந்நகரில் 1568 முதல் 1572 வரை 8 தொகுதிகளாக அச்சான பன்மொழி விவிலியத்தை, 1580 இல் ருடால்ப் அக்குவாவீவா அடிகளாரும் தோழர்களும் அக்பர் சக்கரவர்த்திக்கு அளித்தார்கள். முகலாய ஓவியர்கள் இத்தகைய அச்சுப் படங்களைப் பார்த்து வரைந்து பழகினார்கள். சில பத்தாண்டுகளில் பிசித்ர் என்பவர் தீட்டிய ஜஹாங்கீர் படத்தில் அதே சிறகுக் குழந்தைகள் வந்துவிட்டார்கள். அதில் இருவர், அரசர் ஆயிரமாண்டு ஆள வேண்டுமென்று மணற்கடிகாரத்தின்மேல் வாழ்த்து எழுதுகிறார்கள்! பேழையைப் பார்த்த முகம் அரியணையைப் பார்த்துத் திரும்பிவிட்டது.

நம் ஊர்க் கதையும் இதற்குத் தூரமில்லை. 1922 இல் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டி லேபிளும் பட்டாசு லேபிளும் அச்சகங்களை வளர்த்தன. கோவில்பட்டி கொண்டையராஜு போன்றோர் வரைந்த படங்கள் இங்கே காலண்டராயின. படம் ஒன்றே, கீழே விட்ட வெற்றிடத்தில் ஜவுளிக்கடை பெயரும் ஏறும், நகைக்கடை பெயரும் ஏறும்.

ஆகவே அன்பர்களே, சட்டம் யாருக்கும் பணிந்து நிற்கும். நடுவில் யாரை வைத்தோம் என்று அது நம்மைக் கேட்காது. நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். இன்று திருவிழா பிளக்ஸ்களைப் பாருங்கள். நன்கொடையாளர் முகங்கள் வரிசையாகப் பெரிதாக நிற்க, புனிதர் ஒரு மூலையில் தபால்தலை அளவில் ஒடுங்கிவிடுகிறார். கொடுத்தவரை நன்றியோடு நினைப்பது முறைதான். ஆனால் அவர் பெயருக்கு இடம் ஓரத்தில். அந்த ஓரம் இழிவான இடமன்று, ஞானாதிக்கர் நிற்கும் இடம்.

யூபிலிக்கு வெள்ளையடிக்கும்போது பழைய படங்களைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது என்று அந்தக் குழந்தைகள் நம் பிள்ளைகளுக்குக் கற்றுத் தரட்டும்.